புது மனையும் செய்திக் கம்பிகளும்

புதிதாக வீடு கட்ட முனைவோர் கடைகாலின் ஆழம், சுவரின் கனம், காற்று வரும் வழி, கழிவுநீர் செல்லும் வழி ஆகியவற்றை முன்னரே எண்ணித் துணிதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். மின்விளக்குத் தோன்றிய பின்னர் மின்கம்பிக்கும் வழி வகுத்தனர். இக்காலத்தில் மற்றொன்றும் அவற்றோடு சேர்ந்துள்ளது. தொலைபேசி, தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றுக்குச் செய்தியைக் கொண்டுவரும் கம்பிகளுக்கும் வீட்டினுள் வழி வேண்டும். இதனை மறந்து வீட்டைக் கட்டி முடித்தோர்க்கு, வண்ணம் தீட்டிய புதுச் சுவரை உளிகொண்டு உடைக்க நேர்கின்றது. அன்றேல், கதவிடுக்கில் இழுத்த கம்பி நசுங்குவதையும் காலில் இடறுவதையும் பொறுத்துக்கொள்ள நேர்கின்றது.

‘செய்தி காற்றின் வழியே வருகின்றதே, கம்பி எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். வைஃபை என்பது வானொலி அலைகளால் இயங்குவது. அவ்வலைகள் தடித்த சுவரையும், இரும்புக்கம்பி செறிந்த கான்கிரீட் தளத்தையும் ஊடுருவுங்கால் வலிமை குன்றும். கீழ்த்தளத்தில் நன்கு கிடைக்கும் இணையம் மாடியறையில் நலிவது பெரும்பாலும் இதனாலேயே. அன்றியும், வீட்டிலுள்ள கருவிகள் பலவும் அவ்வலைவழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆதலின், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவிக்குக் கம்பியும், கையோடு எடுத்துச்செல்லும் கருவிக்கு அலையும் ஏற்றனவாம். மாடியில் அலை பரப்பும் பெட்டியை வைப்பதாயினும், அப்பெட்டி வரை ஒரு கம்பி செல்லுதல் நன்று.

இல்லங்களில் வழங்கும் செய்திக் கம்பிகள் மூவகைப்படும். முதலாவது முறுக்கிணைக் கம்பி. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881-இல் இதற்கும் காப்புரிமை பெற்றார். அருகில் செல்லும் பிற கம்பிகளின் மின்னோட்டம் செய்திக் கம்பியில் இரைச்சலை உண்டாக்கும். இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால், அவ்விரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் படியும். முடிவிலுள்ள கருவி அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கொள்ளுமாதலின், ஒத்த இரைச்சல் தானே நீங்கிவிடும். இன்று கணிப்பொறிக்குச் செல்லும் கம்பியில் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு இணைகளாக உள்ளன. ஓரிணை மற்றோர் இணையைக் கெடுக்காதவாறு, ஒவ்வொன்றும் வெவ்வேறு நெருக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். ‘கேட் 6’ என்னும் வகை, 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு 100 கோடி பிட்டுகளைக் கொண்டுசெல்ல வல்லது.

இரண்டாவது, கேபிள் என மக்கள் வழங்கும் ஓரச்சுக் கம்பி. நடுவே செப்புக் கம்பியும், அதனைச் சுற்றி மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் உலோகப் பின்னலும் அமைந்திருக்கும். மொட்டைமாடியில் உள்ள டிஷ் ஆண்டெனாவிலிருந்து தொலைக்காட்சிக்குச் செய்தி வருவது இதன் வழியேயாம்.

மூன்றாவது ஒளியிழை. மயிரிழை போன்ற கண்ணாடியினுள் ஒளி புறத்தே செல்லாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துச் செல்கின்றது. கண்ணாடியிலுள்ள மாசினை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்பதை 1966-இல் விளக்கிய சார்லஸ் காவோ, 2009-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்.

இனி, இவற்றை அமைக்கும் முறை யாதெனின், சுவர் எழுந்த பின், பூச்சு வேலைக்கு முன், குழாய்களைப் பதித்தல் வேண்டும். வீட்டின் நடுவே, ஈரமில்லாததும் காற்றோட்டம் உள்ளதுமான ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கம்பி செலுத்துதல் நலம். ஓர் அறையின் கம்பி பழுதுற்றாலும் பிற அறைகள் இடர்ப்படா.

230 வோல்ட்டு மின்கம்பி செல்லும் குழாயில் செய்திக் கம்பியை ஒருபோதும் செலுத்தலாகாது. இரைச்சல் புகும் என்பது மட்டுமன்று. மின்கம்பியின் உறை கிழிந்தால், அம்மின்சாரம் செய்திக் கம்பி வழியே கருவியைத் தொடுவோர் கையை அடையக்கூடும். உயிர்க்கே ஊறு நேரும். இரண்டும் இடைவெளி விட்டே செல்ல வேண்டும். குறுக்கிட நேரின், செங்கோணமாகக் குறுக்கிட வேண்டும். ஒளியிழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசியும், இழையும் முறியும். ஆதலின் வளைவுகள் அகன்றிருத்தல் வேண்டும். கம்பியின் இருமுனைகளிலும் அறையின் பெயரைக் குறித்து, குழாய்கள் செல்லும் வழியை வரைந்து, அப்படத்தை வீட்டுப் பத்திரத்தோடு காத்தல் வேண்டும். பின்னர் ஆணி அடிப்போர்க்கு அதுவே வழிகாட்டியாகும்.

இன்றைய கம்பி நாளை பழையதாகலாம். தொலைபேசிக்கென முன்னர் இட்ட கம்பிகள் பல இன்று பயனின்றிக் கிடக்கின்றன. எனவே அறிவுடையோர் கம்பியை மட்டும் இடுவதில்லை. வெறுங்குழாய் ஒன்றையும் சேர்த்துப் பதித்து, அதனுள் ஓர் இழுகயிற்றை விட்டுவைப்பர். புதுக்கம்பி வருங்கால் சுவரை உடைக்காமலே அதனை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இரவில் பாடம் பயிலும் மகளுக்கும், அயல்நாட்டிலுள்ள மகனின் முகத்தைக் காணக் காத்திருக்கும் தாய்க்கும் அவ்வழி என்றும் பயன்படும். இன்றைய தேவையோடு நாளைய தேவையையும் எண்ணிக் கட்டுவதே நல்ல மனைக்கு அழகாகும்.