தாமதத்தின் காரணம் மெமரி அன்று

எங்கள் அலுவலகத்து மெயில் சர்வரில் குப்பைக் கடிதங்களை வடிகட்டும் ஸ்பேம் அசாசினை 3.4இலிருந்து 4.0க்கு உயர்த்திய மறுநாளே, நொடியில் வந்து சேரும் வழக்கமுள்ள கடிதங்கள் அரை மணி நேரம் வரிசையில் தேங்கி நிற்கத் தொடங்கியபோது, அப்பணியை ஏற்றிருந்த ஒப்பந்தக்காரர் லாக்கைத் திறந்து பாராமலே மெமரி போதவில்லை என்று தீர்ப்பளித்தார். நிர்வாகமும் அவருடைய அபிப்பிராயத்தையே பிரமாணமாகக் கொண்டு மெமரி வாங்கிக் கொடுத்தது. அது வீண் செலவு என்று அன்றே ஆட்சேபித்தேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்பேம் அசாசினின் பின்னணிச் செயலான ஸ்பேம்டி லாக்கில் எழுதி வைக்கும் ஒற்றை வரியில் மதிப்பெண், விநாடி, பைட் மூன்றும் இருக்கின்றன. வெளியூர் வியாபாரி ஒருவர் பணம் வந்ததென்று அனுப்பிய இரண்டு வரிக் கடிதத்துக்கும் 15 விநாடி, பக்கம் பக்கமாக வந்த ஒப்பந்த நகலுக்கும் 15 விநாடி என்று அந்த வரிகள் சொல்ல, சிபியூவோ வேலையின்றிக் கிடக்குமானால், அந்த இயந்திரம் உழைத்துத் திணறவில்லை, எவருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமேது? டிஎன்எஸ் வழியாக விசாரிக்கப்படும் கறுப்புப் பட்டியல்களின் பதிலுக்காக ஸ்பேம் அசாசின் பொறுத்திருக்கும் இயல்பான உச்ச வரம்பும் அதே 15 விநாடிதான்.

எங்கள் டிஎன்எஸ் சர்வர் அலுவலகத்துப் பெயர்களுக்கு மட்டுமே விடை தரும். வெளியே போகும் கேள்விகளை ஃபயர்வால் சத்தமின்றி விழுங்கிவிடும். அது கருதியே, வெளியே எதையும் விசாரிக்க வேண்டாம் என்னும் 'மைனஸ் எல்' விருப்பத்தை நான் ஸ்பேம்டிக்கு இட்டு வைத்திருந்தேன். உயர்த்தும் வேளையில், அந்த விருப்பம் எழுதப்பட்டிருக்கும் அமைப்புக் கோப்பைக் காப்பதா, புதியதை வைப்பதா என்று டெபியன் கேட்கிறது. என்டர் தட்டினாலே பழையது நிலைத்திருக்கும். ஒப்பந்தக்காரர் 'ஒய்' அழுத்தினார், 'மைனஸ் எல்' போயிற்று. அதற்குச் சாட்சியாக, பழைய கோப்பு 'டிபிகேஜி ஓல்ட்' என்ற வாலோடு அதே டைரக்டரியில் கிடந்தது. இதற்கு மேல், வரிசையைக் கரைப்பதாக எண்ணி ஸ்பேம்டியின் கிளைச் செயல்களை 5இலிருந்து 20 ஆக்கினார். அவை மெமரியைத் தின்று ஸ்வாப்பில் இறங்கவே, இல்லாத மெமரிப் பஞ்சம் பிரத்தியட்சமாயிற்று.

ஆகவே, எதையும் வாங்குமுன் 'டிக்' கட்டளையால் 2.0.0.127.ஸென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பேம்ஹவுஸ் என்னும் கறுப்புப் பட்டியலில் சோதனைக்கென்றே வைக்கப்பட்ட முகவரி அது. பதிலே வராவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது. 127.255.255.254 என்று வந்தால், பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டதற்காக ஸ்பேம்ஹவுஸ் மறுக்கிறது என்று பொருள். கூகுளின் 8.8.8.8ஐ வைக்கச் சொன்ன ஒப்பந்தக்காரரின் இரண்டாம் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் அதுவே. காரணம் தெரிந்த அன்று மாலை 'மைனஸ் எல்'லை மீண்டும் இட்டதுமே வரிசை கரைந்தது. பின்னர் அதே சர்வரில் அன்பவுண்ட் என்னும் டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, பிறரிடம் கேட்டனுப்பாமல் தானே விடை தேடும்படி அமைத்து, அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும் 53ஆம் போர்ட்டைத் திறக்கச் செய்து, கிளைச் செயல்களையும் 5க்கே இறக்கிய பிறகுதான் 'மைனஸ் எல்'லை எடுத்தேன்.

ஒப்பந்தக்காரரின் பணி நிறைவு அறிக்கையோ, மெமரி கூட்டியதால் தாமதம் நிவர்த்தியாயிற்று என்றே கூறுகிறது. அதைத் திருத்தும்படி, லாக் வரிகளை இணைத்து நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்.