வீதி ஒடுங்கும் இடத்தில்

காணியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் பலர் வீதி வேலையில் கூலிக்கு நிற்கின்றனர். மண்வெட்டி பிடிக்கும் கை அதே கைதான். ஆனால் வயலில் முதுகுக்குப் பின்னால் லொறி வருவதில்லை. நாம் அறிந்த ஓரிடத்தில், வேலை நடப்பதைச் சொல்லும் ஒரே பலகை காற்றுக்கு விழுந்து கானுக்குள் கிடந்தது. வந்த லொறி தார்ப் பீப்பாவை இடித்துத் தள்ளியது. அருகில் நின்றவர் குழிக்குள் பாய்ந்து தப்பினார். அவருடைய தாச்சி நசிந்து போயிற்று. ஆகவே எச்சரிக்கைப் பலகைகளைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

1. பலகை தூரத்தில் நிற்க வேண்டும்

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. சாரதி ஆபத்தைக் கண்டு, விளங்கி, பிரேக்கில் கால் வைக்க இரண்டரைச் செக்கன் ஆகும் என்று வீதிப் பொறியியலாளர் கணக்கிடுவர். அதற்குள் 42 மீற்றர் கடந்துவிடும். அதன் பின்னரே வேகம் குறையத் தொடங்கும். பாரம் ஏற்றிய லொறிக்கும் மழையில் நனைந்த வீதிக்கும் இன்னும் தூரம் வேண்டும். குழியின் விளிம்பில் வைத்த பலகை குழியைக் காட்டுமேயன்றி, அதில் நிற்பவரைக் காக்காது.

ஐக்கிய அமெரிக்காவில் வீதிக் குறியீடுகளுக்கென 1935 முதல் ஒரு தேசியக் கைந்நூல் உண்டு. இரு நிரையாக வாகனங்கள் செல்லும் நாட்டுப்புற வீதியில் ஒரு நிரையை மூடினால், ஏறக்குறைய 150 மீற்றருக்கு ஒன்றாக மூன்று பலகைகளை வைக்கும்படி அது காட்டுகிறது. முன்னால் வேலை நடக்கிறது என்பது முதலாவது. எந்தப் பக்கம் மூடியுள்ளது என்பது இரண்டாவது. இரு நிரை ஒன்றாகும் படம் மூன்றாவது. ஒரு பலகைக்கு ஒரு செய்தியே.

2. சிறிது சிறிதாக ஒடுக்க வேண்டும்

அகன்ற வாய்க்காலைத் திடீரெனக் குறுக்கினால் தண்ணீர் வரம்பை உடைக்கும். இது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீதியும் அப்படித்தான். 3 மீற்றர் அகல நிரையை மூடும்போது, 60 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறக்குறைய 70 மீற்றர் நீளத்துக்குக் கூம்புகளைச் சரிவாக வைக்க வேண்டும் என்பது அக்கைந்நூலின் கணக்கு. வேகம் 100 ஆனால் நீளம் 190 மீற்றர் அளவாகும்.

3. ஒன்றுவிட்டு ஒன்று

வாகனங்கள் நெருங்கி ஊரும்போது முந்துவதால் எவருக்கும் பயனில்லை. ஜேர்மனியில் இதற்குச் சட்டமே உண்டு. இரு நிரையும் ஒடுக்கம் வரை வந்து, அங்கே இந்த நிரையில் ஒன்று, அந்த நிரையில் ஒன்று என மாறி மாறிப் புக வேண்டும்.

4. எமது சிறிய வீதிகள்

எமது கிராம வீதிகளில் பாதியை மூடினால், மீதிப் பாதியில் இரு திசை வாகனங்களும் எதிரெதிரே வரும். அங்கே பலகை மட்டும் போதாது. இரு முனையிலும் கொடியுடன் ஆள் நிற்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் காண வேண்டும். வளைவு மறைத்தால் இடையில் மூன்றாமவர் வேண்டும். முறித்து நட்ட மரக்கொப்பு இரவில் தெரியாது. ஒளி பட்டால் மினுங்கும் பலகையே தெரியும்.

5. பலகை பொய் சொல்லக் கூடாது

வேலை முடிந்தும் பலகையை விட்டுவிட்டுப் போவது சிறு தவறல்ல. ஆளில்லாத இடத்தில் பத்து முறை ஏமாந்த சாரதி, பதினோராம் முறை பலகையை நம்பமாட்டான். அன்று அங்கே ஆள் நிற்பார். வேலை நின்றவுடன் பலகையை எடுக்க வேண்டும், அல்லது மூட வேண்டும். விழாதபடி மண்மூட்டை வைத்து நிறுத்துவதும் அவசியம்.

பலகை எங்கே என்று தனியொருவர் கேட்டால் நாளைய கூலி போய்விடுமோ என்ற பயம் உண்டு. அது நியாயமான பயமே. ஆகவே மண்வெட்டியை எடுக்குமுன் எல்லாரும் சேர்ந்து கேட்போம்.

கலந்துரையாட:

அ. எமது ஊரருகே வேலை நடக்கும் இடத்தில் முதற் பலகை எத்தனை அடி எடுத்து வைக்கும் தூரத்தில் உள்ளது? நடந்து அளந்து பாருங்கள்.

ஆ. மாலையில் பலகையை எடுப்பது அல்லது மூடுவது யார் பொறுப்பு?

இ. கொடி பிடிப்பவரை எவ்வாறு தெரிவு செய்கிறார்கள்? அவருக்கு யார் பழக்கினார்கள்?