நாகபுரியில் வாடகை வீடு: கணக்கும் பத்திரமும்

"ஸார், அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். ஒரு ப்ளாட்டை வாங்கிவிடலாமா, வாடகைக்குப் போகலாமா?" நம் சங்கத்தில் ரயில்வே, வங்கி, தபால் துறை அன்பர்கள் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் போவதில்லை. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவாக, நாகபுரியின் வாடகை நிலவரத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

முதலில் ஓய்வு பெறுகிறவர். ரயில்வேயில் ஓய்வுக்குப் பிறகு நான்கு மாதம் வழக்கமான வாடகையிலும், அடுத்த நான்கு மாதம் இரட்டை வாடகையிலும் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் அபராத வாடகை. குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் வரை கிராஜுவிட்டியும் கைக்கு வராது. இந்த எட்டு மாத நெருக்கடியில்தான் பலர் கண்ணில் பட்ட ப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். புரோக்கர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அவசரப்படுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

60 லட்ச ரூபாய்க்கு ஒரு இரண்டு படுக்கையறை ப்ளாட், அதே கட்டடத்தில் அதே மாதிரி ப்ளாட்டுக்கு மாத வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. அதாவது விலையில் 3 சதவீதம். நம் நாட்டு நகரங்களில் குடியிருப்பு வாடகை பொதுவாக விலையில் இரண்டிலிருந்து மூன்று, மூன்றரை சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. வாடகைக்கு விடுகிறவருக்கு அந்த 3 சதவீதமும் முழுசாக மிஞ்சாது. சொசைட்டி பராமரிப்பு மாதம் 2,000, வீட்டுவரி 10,000, வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 15,000. மொத்தம் 49,000 கழித்தால் கைக்கு வருவது 1,31,000. இது 2.2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இதையே குடியிருப்பவரின் பக்கமிருந்து பாருங்கள். அந்த 60 லட்சம் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருஷத்துக்கு 4,20,000. வாடகை 1,80,000 போக மீதி 2,40,000, அதாவது விலையில் 4 சதவீதம். ஆகவே ப்ளாட்டின் விலை வருஷாவருஷம் 4 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வாங்கியவருக்கு லாபம், குறைந்தால் வாடகைக்கு இருப்பவருக்கு லாபம். வட்டிக்கு வரி உண்டு, வாடகையும் ஏறும். இவை வாங்குகிறவருக்குச் சாதகம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பராமரிப்பு, கட்டடத்தின் தேய்மானம், இவை எதிர்ப்பக்கம். கட்டடம் தேயும், நிலம்தான் ஏறும். எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு ப்ளாட்டுக்கு வரும் நிலப் பங்கு எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு மட்டுமே வாழ்க்கை இல்லைதான். எழுபது வயதில் பீரோவையும் கட்டிலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு மாறுவது யாருக்கும் வேண்டாத வேலை. நாகபுரியிலேயே இருப்பது என்று முடிவாகிவிட்டால், குடியிருக்க ஒரு வீடு வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை புனேயில், பெண் சென்னையில், நாமோ இங்கே என்று இருப்பவர்கள் ஓரிரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. "வாடகை வரும்" என்பதற்காக மட்டும் இரண்டாவது ப்ளாட் வாங்குவது மேலே போட்ட கணக்குக்குக் கட்டிவரவில்லை.

சரி, எங்கே பார்ப்பது? தரம்பேட், ராம்தாஸ்பேட் பக்கம் எப்போதும் வாடகை அதிகம். கல்லூரி, ஆஸ்பத்திரி, சீதாபுல்டி கடைவீதி எல்லாம் கிட்டத்தில். அஜ்னி, வார்தா ரோடு சுற்றுவட்டாரம் ரயில்வேக்காரர்களுக்குப் பழகிய இடம். கடந்த இருபது வருஷங்களில் ஊர் தெற்கு நோக்கித்தான் வேகமாக வளர்ந்திருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிய மிஹான் பகுதியில் கம்பெனிகள், எய்ம்ஸ், ஐ.ஐ.எம். எல்லாம் வந்ததும் மனீஷ் நகர், பேசா, பெல்தரோடி பக்கங்களில் அடுக்குமாடிகள் எழும்பின. 2019 மார்ச்சில் காப்ரியிலிருந்து சீதாபுல்டி வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஹிங்னா ரோடு பக்கம் லோக்மான்ய நகர் வரையிலும், 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் பாக்கிப் பகுதிகளுக்கும் வண்டி வந்தது. ஆனால் மெட்ரோ பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். நடந்து கால் மணியில் எட்டமுடியாத மெட்ரோவுக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நகருக்கு வெளிவட்டத்தில் வாடகை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். நகராட்சிக் குழாய் வராத இடங்களில் போர்வெல்தான். சித்திரை, வைகாசியில் அது காலை வாரினால் டாங்கர்தான். டாங்கர் செலவு வாடகையில் சேர்ந்ததா, குடியிருப்பவர் தலையிலா என்று முன்னதாகவே கேட்டுவிடவேண்டும். அடுத்தது வெயில். நம் ஊரில் மே மாதம் 45 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள ப்ளாட்டையும் மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கும் ப்ளாட்டையும் குளிர்காலத்தில் காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கூலர் வைக்க ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு இருக்கிறதா, அதற்குத் தண்ணீர் எட்டுமா என்பதும் இங்கே முக்கியம். மாதம் 1,000 ரூபாய் வாடகை குறைந்த மேல்மாடி வீடு, ஏப்ரல் முதல் ஜூன் வரை மின்சார பில்லில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாவது ஊதியக் குழுவின்படி நாகபுரி ஒய் பிரிவு நகரம். வீட்டு வாடகைப் படி 2017 ஜூலையில் அடிப்படைச் சம்பளத்தில் 16 சதவீதமாக இருந்தது, 2021 ஜூலையில் 18, 2024 ஜனவரியில் 20 என்று உயர்ந்தது. 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு இது 6,400, 7,200, 8,000. அனுபவப்பட்ட வீட்டுக்காரர்கள் "உங்களுக்குப் படி எவ்வளவு?" என்று நாசூக்காகக் கேட்பதுண்டு. சொல்லவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து வாடகைதான் பேரத்துக்கு அளவுகோல்.

இனி பத்திரம். இதில்தான் நம்மவர்கள் இரு பக்கமும் அசட்டையாக இருக்கிறார்கள். விதர்பாவில் 1949ஆம் வருஷத்து மத்திய மாகாண, பேரார் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவுதான் வெகுகாலம் அமலில் இருந்தது. வீடு காலியானால் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டும். அவர்கள் அரசு ஊழியருக்கு அதை ஒதுக்கலாம். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். பயந்த வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள், அல்லது மாற்றலாகிப் போகக்கூடியவருக்கு மட்டும் கொடுத்தார்கள். தென்னிந்திய உத்தியோகஸ்தர்களுக்கு அந்தக் காலத்தில் இங்கே வீடு கிடைத்ததற்கு நம் நல்ல குணம் மட்டும் காரணமில்லை! பூட்டி வைக்கும் பழக்கம் தேசம் முழுவதும் உண்டு. 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன.

2000 மார்ச் 31 முதல் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 அமலுக்கு வந்து பழைய உத்தரவு போயிற்று. இப்போது வழக்கத்திலிருப்பது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டை உபயோகிக்க அனுமதி, அவ்வளவே. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால், வீட்டுக்காரர் தகுந்த அதிகாரியிடம் மனுச் செய்து வீட்டைத் திரும்பப் பெறலாம். அதுவரை இரட்டிப்புத் தொகையும் கேட்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருக்கவேண்டும். "பதினோரு மாதம்தானே, ஸ்டாம்ப் பேப்பர் போதும்" என்பது வேறு மாநிலங்களிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம். மகாராஷ்டிரத்தில் எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம். பதிவு செய்யவைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதைவிட முக்கியம், பதிவு இல்லாதபோது நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியது வீட்டுக்காரர்.

செலவு எவ்வளவு? 24 மாதம், மாதம் 15,000, திரும்பத் தரவேண்டிய டெபாசிட் 30,000 என்றால், மொத்த வாடகை 3,60,000. டெபாசிட்டுக்கு வருஷம் 10 சதவீதம் வட்டி என்று கணக்கிட்டு இரண்டு வருஷத்துக்கு 6,000 கூட்டுங்கள். 3,66,000-இல் 0.25 சதவீதம் முத்திரைத் தீர்வை, 915 ரூபாய். நகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000. சில்லறைக் கட்டணங்களும் ஏஜெண்டு கூலியும் தனி. ஆதார் கைரேகை வைத்து வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யவும் வழி உண்டு. இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கப் பார்த்து 60 லட்சச் சொத்தை வெறும் வாய்ப்பேச்சில் விட்டுவைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

குடியிருப்பவருக்கும் பதிவுப் பத்திரம் பாதுகாப்புத்தான். டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும், வருஷாந்திர உயர்வு எத்தனை சதவீதம், பெயிண்ட் செலவு யாருடையது, நடுவில் மாற்றல் வந்தால் எத்தனை மாத நோட்டீஸ், இவை எல்லாம் அதில் வரட்டும். மாற்றல் ஷரத்தை நம்மவர்கள் மறக்கவே கூடாது. சமையலில் மீன், இறைச்சி உண்டா என்பதையும் பத்திரம் எழுதுமுன் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். குடிபோன பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாட்டிலும் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. அங்கேயும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். தஞ்சாவூர் வீட்டில் பத்து வருஷமாக "தெரிந்தவர்" குடியிருக்கிறார் என்று நிம்மதியாக இருப்பவர்கள், அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அந்தத் தெரிந்தவருடன் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்துவிட்டு வாருங்கள்.