தச்சுப் பட்டறைக்கு மின்வலு

தமிழாசிரியர்க்கும் மோட்டருக்கும் யாது தொடர்பு எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். எம் தந்தையார் தச்சர். சீவுளியின் ஓசை கேட்டுக்கொண்டே யாம் எழுத்துக் கற்றோம். தொழில் எம் இளவலைச் சேர்ந்தது. இலக்கணம் எம்மைச் சேர்ந்தது. வீட்டின் பின்புறத்தே இளவல் அமைத்த பட்டறையில் நேர்ந்த ஓர் இழப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடன்பட்டு வாங்கிய இழைப்புப் பொறி அது. 3 குதிரைவலு மோட்டர் பூட்டியது. வீட்டு மின்னிலேயே ஓடும் என்றார் விற்றவர். அவர் கூறியது பொய்யுமன்று. வீட்டிலிருந்து பட்டறை 40 மீற்றர் தொலைவு, 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியே இழுக்கப்பட்டிருந்தது. சுவிச்சைப் போட்டதும் வீட்டு விளக்குகள் மங்கின. பொறி சிலபோது வேகம் பிடித்தது. சிலபோது முனகியபடி நின்றது. உருகி இருமுறை அறுந்தது. தடித்த கம்பியைக் கட்டி அதன் வாயை அடைத்தாயிற்று. மூன்றாம் நாள் மோட்டரிலிருந்து புகை எழுந்தது. முதிரைப் பலகை பாதி சீவியபடி கிடந்தது.

கணக்கை நோக்குவோம். ஒரு குதிரைவலு 746 வாற்று. மூன்றுக்கு 2238 வாற்று. மோட்டரின் வினைத்திறனையும் வலுக்காரணியையும் 0.8 வீதம் கொண்டால், 230 வோல்ற்றில் ஏறக்குறைய 15 அம்பியர் ஓட்டம் வேண்டும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டிற்கு இது பாரமன்று. ஆயின் இஃது ஓடும் மோட்டரின் கணக்கு. நின்ற மோட்டர் எழும்புங்கால் இதனைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். விற்றவரும் வாங்கியவரும் மறந்தது அந்தச் சில நொடிகளையே.

40 மீற்றர் நீளமுள்ள அம்மெல்லிய கம்பியில், ஓடும்போது இழக்கப்படுவது 11 வோல்ற்று; அது தாங்கத்தக்கதே. தொடங்கும்போதோ ஏறக்குறைய 50 வோல்ற்று கம்பியிலேயே தங்கிவிடும். மோட்டரின் முறுக்கம் வோல்ற்றளவின் வர்க்கத்திற்கேற்ப மாறுவது. ஆதலின் 180 வோல்ற்றில் அதற்குரிய முறுக்கத்தில் நூற்றுக்கு 60 பங்களவே கிடைக்கும். கனத்த வெட்டுருளையை அது எங்ஙனம் எழுப்பும்?

எரிந்ததற்குக் காரணம் இன்னும் ஒன்றுண்டு. ஒற்றை அவத்தை மின்னிற் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஆடுமேயன்றித் தானே சுழலாது. எனவே மோட்டரை எழுப்புதற்கென ஒரு தொடக்கச் சுருளும் கொள்ளளவியும் உள. முழு வேகத்தின் முக்காற் பங்கை எட்டியதும் மையநீக்கச் சுவிச்சு அவற்றை விலக்கிவிடும். அவ்வேகம் வராதாயின் சுவிச்சு திறவாது. சில நொடிகளுக்கென அமைந்த சுருள் நிமிடக்கணக்காய்க் கொதிக்கும்.

மோட்டர் மீளச் சுற்றப்பட்டது. 6 சதுர மில்லிமீற்றர் கம்பி இழுக்கப்பட்டது. உருகியும் உரிய அளவிற்கு வந்தது. இப்போது தொடக்கத்தில் இழப்பது 20 வோல்ற்றளவே. முறுக்கத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேற் கிடைக்கின்றது. கம்பிக்குச் செலவான தொகை, சுருள் சுற்றிய கூலியிலும் குறைவு என்பதை இளவல் இன்றும் சொல்லி வருந்துவார்.

இனி, 5 குதிரைவலுவும் அதற்கு மேலும் வேண்டும் நாடாவாளுக்கும் பெரிய வட்டவாளுக்கும் வருவோம். அதே கணக்கின்படி ஒற்றை அவத்தையில் 25 அம்பியர் வேண்டும். எழும்புங்கால் நூற்றையும் கடக்கும். வீட்டு இணைப்பு இதனைத் தாங்காது. 400 வோல்ற்று மூவவத்தையில் ஒவ்வொரு கம்பியிலும் 8 அம்பியரளவே செல்லும். மூன்று ஓட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் உச்சம் எய்துதலின் புலம் தானே சுழலும். தொடக்கச் சுருளும் வேண்டா, கொள்ளளவியும் வேண்டா. 1891இல் லௌபனிலிருந்து பிராங்போட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் மூவவத்தை மின் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

எனினும் எல்லா ஒழுங்கைகளிலும் மூவவத்தைக் கம்பி செல்வதில்லை; தூண் நட்டுக் கம்பி இழுக்கும் செலவு பொறியின் விலையையே எட்டலாம். அத்தகையோர்க்கு மீடிறன் மாற்றி என்னும் கருவி உதவும். அது வீட்டின் 230 வோல்ற்று மின்னை ஏற்று, 230 வோல்ற்று மூவவத்தை மின்னாக்கி, மீடிறனைப் படிப்படியாய் உயர்த்தி மோட்டரை மெல்ல எழுப்பும். எழும்புங்கால் வரும் பாய்ச்சலை அது தணிக்குமேயன்றி, ஓடுதற்கு வேண்டிய வலுவைக் குறைக்காது. எனவே வீட்டு மின்னில் 3 குதிரைவலுவோடு அமைதலே நன்று.

பழைய மோட்டர் வாங்குவோர் விலை பேசுமுன் அதன் தகட்டைத் துடைத்து வாசிக்க வேண்டும். 230/400 என்றிருப்பின், முக்கோண முறையில் இணைத்து மீடிறன் மாற்றியுடன் ஓட்டலாம். 400/690 என்றிருப்பின் அவ்வாறு ஓட்ட முயன்றால் வலுக் குன்றும். அது 400 வோல்ற்று மூவவத்தைக் கம்பிக்கு உரியது. அங்கே உடுமுறையில் எழுப்பி முக்கோண முறைக்கு மாற்றினால் தொடக்க ஓட்டம் மூன்றிலொன்றாகும். முறுக்கமும் மூன்றிலொன்றாகுமாதலின், மரத்தை ஊட்டாது வெறுமையாகவே பொறியை எழுப்ப வேண்டும்.

2022இல் நாடெங்கும் மணிக்கணக்காக மின்வெட்டு நிலவியது. ஒருநாள் பொறி ஓடிக்கொண்டிருக்கையில் மின் நின்றது. சுவிச்சை நிறுத்த மறந்த இளவல், வெட்டுருளையிற் சிக்கிய சீவலைக் கையால் எடுத்துவிட்டுக் கிணற்றடிக்குச் சென்றார். முகம் கழுவி முடியுமுன் மின் மீண்டது. ஆளில்லாப் பட்டறையிற் பொறி தானே முழங்கியது. ஓடி வந்தவர் நெடுநேரம் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மின் நின்றவுடன் தானே விடுபட்டு, மீண்டும் அழுத்தினாலன்றி இணையாத தொடக்கியொன்று அவ்வாரமே பொருத்தப்பட்டது. பொறியின் உடலுக்குரிய புவித்தொடுப்பையும் அன்றே புதுப்பித்தோம்.