லினக்ஸில் கிராபிக்ஸ் கார்டு டிரைவர்: கட்டளை தட்டும் முன் மூன்று கேள்விகள்



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே இப்போது ஏதாவது ஒரு நியூரல் நெட்வொர்க் வந்துவிடுகிறது. சீனியர் சொன்னார் என்று உபுண்டு போடுகிறோம். லேப்டாப்பில் என்விடியா கார்டு இருக்கிறது, ஆனால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதே இல்லை. யாரோ ஒரு வீடியோவில் காட்டிய ஐந்து கட்டளைகளை அப்படியே தட்டுகிறோம். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை!

வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். ரெக்கார்டு, ரிப்போர்ட், கோடு எல்லாம் அதற்குள்ளேதான். கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு கடைக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் திருவண்ணாமலை பஸ் ஏற வேண்டும். தீபத் திருவிழா நேரமாக இருந்தால் அதுவும் நடக்காது. கடைக்குப் போனாலும் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மேட் பண்ணிடலாமா?"

ஃபார்மேட் தேவையே இல்லை. டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கறுப்புத் திரையில் இருந்தும் நீங்களே மீண்டு வரலாம். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

டிரைவர் என்பது ஒன்றல்ல, இரண்டு

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிராபிக்ஸ் டிரைவருக்கு இரண்டு பாதிகள் உண்டு.

முதல் பாதி கர்னலுக்குள் ஓடும் மாட்யூல். கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவது, வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்புவது, மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் இதன் பொறுப்பு.

இரண்டாம் பாதி கர்னலுக்கு வெளியே இருக்கும் லைப்ரரிகள். ஓபன்ஜிஎல், வல்கன், கூடா என்று நம் புரோகிராம்கள் பேசும் மொழியைக் கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது இதன் வேலை. இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு இந்தப் பாதியைத் தருவது மெசா என்ற திறமூல மென்பொருள். 1993-இல் பிரையன் பால் தொடங்கிய திட்டம் அது.

இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கார்டு வேலை செய்யும். பொருந்தாவிட்டால் லினக்ஸ் நின்றுவிடாது. படம் வரையும் வேலை முழுவதையும் சிபியு தலையில் கட்டிவிடும். செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்க. அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, சிபியுதான் வரைந்துகொண்டிருக்கிறது. வீடியோ ஓட்டினாலே ஃபேன் சத்தம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி 1: உள்ளே இருப்பது என்ன சிப்?

டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் 'கே' எழுத்தும் சேருங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் 'விஜிஏ' அல்லது '3டி கண்ட்ரோலர்' என்று தொடங்கும் வரிகள் மட்டும் நமக்குப் போதும். அவற்றின் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கும். இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது என்று அது சொல்லிவிடும்.

*இன்டெல்:* 'ஐ915' அல்லது 'எக்ஸ்இ' என்று இருக்கும். கர்னலோடு கூடவே வருகிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

*ஏஎம்டி:* 'ஏஎம்டிஜிபியு' என்று இருக்கும். 2015-இல் வந்த 4.2 கர்னலில் சேர்ந்தது. பழைய கார்டு என்றால் 'ரேடியான்'. இங்கேயும் பெரும்பாலும் வேலை இல்லை. டெபியனில் மட்டும் கார்டுக்கான ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே அதைச் சேர்த்துக்கொள்கிறது.

*என்விடியா:* 'நூவோ' அல்லது 'என்விடியா' என்று இருக்கும். நம் பாடத்தின் மீதி முழுக்க இதற்குத்தான்.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் நினைவிருக்கும். அதில் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த லேப்டாப் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டளையை முதலில் அதில் தட்டிப் பாருங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் ஆபத்தில்லாமல் பழக அதுதான் சரியான இடம்.

என்விடியாவுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

என்விடியா பல ஆண்டுகள் தன் டிரைவரின் மூலநிரலைத் தரவில்லை. ஆகவே ஆர்வலர்கள் கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, பின்னோக்கி ஆராய்ந்து, தாங்களே ஒரு டிரைவர் எழுதினார்கள். அதுதான் நூவோ. 2010-இல் 2.6.33 கர்னலில் அது சேர்ந்தது.

2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில் இருந்து இன்னொரு பூட்டு விழுந்தது. என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இருந்தால்தான் அந்தக் கார்டுகள் முழு வேகத்துக்கு ஏறும். அது கைக்கு வராததால் நூவோவில் அவை தொடக்க வேகத்திலேயே தவழ்ந்தன. காசு கொடுத்து வாங்கியது நாம், சாவி வேறொருவரிடம்! 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை வெளிப்படையாகத் திட்டியது பலருக்கும் தெரிந்திருக்கும்.

2022 மே மாதம் நிலைமை மாறத் தொடங்கியது. டியூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்குக் கர்னல் மாட்யூலின் மூலநிரலை என்விடியாவே வெளியிட்டது. கவனியுங்க, திறந்தது முதல் பாதி மட்டும்தான். கூடா உள்ளிட்ட இரண்டாம் பாதி இன்னும் மூடியேதான் இருக்கிறது.

எனவே உங்கள் கார்டு எந்தத் தலைமுறை என்பது முக்கியம்:

• ஜிடி 710 போன்ற கெப்ளர் கார்டுகள்: 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டன. புதிய கர்னலில் அதைப் போட்டுப் போராட வேண்டாம். தினசரி வேலைக்கு நூவோவே போதும்.

• ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ் 150 போன்ற பாஸ்கல் கார்டுகள்: 580 வரிசைதான் கடைசி. திறந்த மாட்யூல் இவற்றுக்குப் பொருந்தாது. பட்டியலில் 'ஓபன்' என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுக்காதீங்க.

• ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் வரிசைகள்: டியூரிங்கும் அதற்குப் பிந்தையவையும். 'ஓபன்' வகையைத் தாராளமாகப் போடலாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓபன் மட்டும்தான் வேலை செய்யும்.

கேள்வி 2: எந்தக் கர்னல்?

'யூநேம்', இடைவெளி, சிறுகோடு, 'ஆர்'. இதைத் தட்டினால் இப்போது ஓடும் கர்னலின் எண் வரும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். போனில் அல்ல, நோட்டில்!

காரணம் இதுதான். மாட்யூல் ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். கர்னல் அப்டேட் ஆனால் மாட்யூலும் புதிதாக வர வேண்டும். டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் வழியாகப் போட்டால் இது தானாக நடக்கும். என்விடியா தளத்தில் இருந்து 'டாட் ரன்' ஃபைலை இறக்கிக் கையால் போட்டால் பேக்கேஜ் மேனேஜருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த கர்னல் அப்டேட்டில் திரை கறுத்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த ஃபைல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி 3: யாருடைய கையெழுத்து?

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. 'மோக்யூடில்', இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'எஸ்பி-ஸ்டேட்' என்று தட்டினால் ஆனா ஆஃபா என்று தெரியும்.

"செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு" என்று பலரும் சொல்வார்கள். அவசரப்படாதீங்க. விண்டோஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் இதை மாற்றிய பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது உங்களிடம் இல்லையென்றால் விண்டோஸ் பக்கத்து ஃபைல்கள் மொத்தமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆஃப் செய்யாமலேயே வழி இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

இப்போது இன்ஸ்டால் செய்வோம்

முதலில் ப்ராஜெக்ட் ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். டிரைவர் சில நூறு எம்பி இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் டேட்டா மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜரைச் செருகுங்கள்.

உபுண்டுவில், 'உபுண்டு-டிரைவர்ஸ் லிஸ்ட்' என்று தட்டினால் உங்கள் கார்டுக்குப் பொருந்தும் டிரைவர்கள் மட்டும் வரும். பிறகு 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. பொருத்தமானதை அதுவே தேர்ந்தெடுக்கும். கட்டளை பிடிக்காதவர்கள் 'அடிஷனல் டிரைவர்ஸ்' செயலியில் இதையே மவுஸால் செய்யலாம்.

உபுண்டு ஏற்கனவே கையெழுத்திட்டு வைத்த மாட்யூல் கிடைத்தால் அத்தோடு வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் மாட்யூல் உங்கள் லேப்டாப்பிலேயே கம்பைல் ஆகும். அப்போது ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும். எளிதானதாகக் கொடுத்து எழுதி வையுங்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பார்த்தால் ஏதோ எரர் போல இருக்கும், 'கண்டினியூ பூட்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'எஸ்' சொல்லி, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். "இந்தக் கையெழுத்தை நான் நம்புகிறேன்" என்று லேப்டாப்பின் உரிமையாளராக நீங்கள் சொல்லும் இடம் அது. கீபோர்டு முன் உட்கார்ந்திருப்பவர்தான் அதைச் சொல்ல முடியும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

வேலை செய்கிறதா?

'என்விடியா-எஸ்எம்ஐ' என்று தட்டுங்கள். கார்டின் பெயர், வெப்பநிலை, நினைவகம் எல்லாம் கட்டம்கட்டி வந்தால் வெற்றி. மேலே ஒரு கூடா எண்ணும் தெரியும். இந்த டிரைவர் அதிகபட்சம் எந்தக் கூடா வரை தாங்கும் என்பதற்கான எண் அது. கூடா இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வைவாவில்கூட இந்த இடத்தில் குழம்பியவர்கள் உண்டு.

எரர் வந்தால் இரண்டு பாதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்:

• டிரைவரோடு பேச முடியவில்லை என்று வந்தால், இரண்டாம் பாதி இருக்கிறது, கர்னல் பாதி ஏறவில்லை. 'சூடோ மாட்ப்ரோப் என்விடியா' என்று தட்டிப் பாருங்க. கீ நிராகரிக்கப்பட்டது என்று சொன்னால் பிரச்சினை கையெழுத்தில். மாட்யூலே இல்லை என்றால் அது இந்தக் கர்னலுக்கு உருவாகவில்லை.

• டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் ஒத்துவரவில்லை என்றால், அப்டேட்டுக்குப் பிறகு ஒரு பாதி புதிது, ஓடிக்கொண்டிருக்கும் பாதி பழையது. பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும்.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில், 'அபௌட்' பகுதியில் இன்டெல் பெயர் வந்தாலும் கவலை வேண்டாம். திரையை இன்டெல் பார்த்துக்கொள்ளும், பேட்டரி மிச்சம். கூடா புரோகிராம்கள் நேராக என்விடியாவிடம் போய்விடும். கேம் போன்றவற்றுக்கு ஐகானில் ரைட் கிளிக் செய்தால் தனி கார்டில் திறக்கும் வசதி இருக்கும்.

கறுப்புத் திரை வந்துவிட்டதா?

பதறாதீங்க. உங்கள் ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. இந்த வரிசையில் முயற்சி செய்யுங்கள்:

1. ஆன் செய்யும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தினால் க்ரப் மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், நோட்டில் எழுதி வைத்த பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

2. அதுவும் ஆகவில்லையா? மெனுவில் 'இ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து, எஃப் 10 அழுத்துங்கள். டிரைவர் இல்லாமல் மங்கலான திரையாவது வரும். இந்த மாற்றம் ஒருமுறைக்கு மட்டும்தான்.

3. உள்ளே வந்ததும் 'சூடோ ஆப்ட் பர்ஜ்' கட்டளையோடு, நீங்கள் போட்ட என்விடியா டிரைவர் பேக்கேஜின் பெயரைக் கொடுத்து நீக்குங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால் கூடவே வந்தவையும் போய்விடும். ரீஸ்டார்ட் செய்யுங்கள். நூவோ திரும்ப வந்துவிடும். மறுபடியும் கேள்வி ஒன்றில் இருந்து தொடங்கலாம்.

கடைசியாக மூன்று விஷயம்

கூடா தேவையில்லாத ப்ராஜெக்ட் என்றால் நூவோவோடு நிம்மதியாக இருங்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காகப் போட வேண்டாம்.

டெமோவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கர்னலையும் டிரைவரையும் அப்டேட் செய்யாதீர்கள். டெமோ முடிந்த அன்று மாலையே செய்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி சிப்பின் பெயர், கர்னல் எண், செக்யூர் பூட் நிலை, போட்ட டிரைவரின் பெயர் என்று நான்கு வரி எழுதுங்கள். அடுத்த முறை யாராவது "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "வேண்டாம் அண்ணா, நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரின் லேப்டாப்புக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.