மழைத் தீவில் மௌஸ் பேட்

கணிப்பொறி விளையாட்டில் தோற்றவன் முதலில் பழி கூறுவது இணைய இணைப்பைத்தான். இத்தீவுகளில் 2020ஆம் ஆண்டு வரையில் அப்பழி நியாயமானதே. அதுவரை நமக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே செய்தியைக் கொண்டுசென்றது செயற்கைக்கோள். அது நிற்கும் உயரமோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர். நாம் பொத்தானை அழுத்திய செய்தி மேலேறிக் கீழிறங்கி, அதற்குரிய விடையும் அவ்வாறே ஏறி இறங்கி வந்துசேர அரை விநாடி சென்றுவிடும். அதற்குள் எதிரி சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்கே போயிருப்பான்! 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து வரும் கடலடிக் கண்ணாடியிழை வடம் திறக்கப்பட்டது. தீவுகளுக்கிடையே செல்லும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், அம்முழு நீளத்தையும் கடக்க 12 மில்லி விநாடி போதும். வழியில் வேறு தாமதங்கள் சேரும் என்பது உண்மையே. எனினும் பழைய சாக்கு இனிச் செல்லாது. கையையும், கைக்குக் கீழே கிடப்பதையும் கவனிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இதை நான் பட்டே அறிந்தேன். பரமக்குடியிலிருந்து முதுகலை படிக்க இங்கு வந்த முதலாண்டில், உதவித்தொகையில் மிச்சம்பிடித்து, பலரும் புகழ்ந்த துணி மௌஸ் பேட் ஒன்றை வரவழைத்தேன். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்தது. பிப்ரவரியில் அதன்மேல் மௌஸ் மிதந்தது என்றே கூறவேண்டும். ஜூலையில் விடுதிகளுக்கிடையே போட்டி. குறியை எதிரியின் தலைக்குக் கொண்டுசெல்ல நினைத்தால் தோளோடு நின்றது. அழுத்தித் தள்ளினால் தலையைத் தாண்டி ஓடியது. கடைசிச் சுற்று என்னால் போயிற்று. உடன் ஆடிய நால்வரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கை கெட்டுவிட்டது என்றே ஒரு மாதம் எண்ணியிருந்தேன். பிறகொருநாள் பேடைப் புரட்டிப் பார்த்தால் அடியில் புள்ளி புள்ளியாய்ப் பூஞ்சணம்! ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நுண்ணோக்கியின் முன் அமரும் எனக்கு, என் மேசையைப் பார்க்கத் தோன்றவில்லை.

நடந்தது என்ன? தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலையில் நிற்கும் தேரை அசைக்க எத்தனை பேர் வடம் பிடிக்கவேண்டும்! அசைந்துவிட்டால் அத்தனை வலிமை வேண்டுவதில்லை. நிற்கும் பொருளின் உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிட மிகுதி. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதானால், மௌஸ் முதலில் முரண்டுபிடித்துப் பின் துள்ளி ஓடும். நுண்ணிய குறி தவறுவது இங்கேதான். மௌஸின் பாதங்களுக்கு டெஃப்லானைப் பயன்படுத்துவதும் இதனாலேயே. 1938இல் பிளங்கெட் என்பார் தற்செயலாகக் கண்டெடுத்த அப்பொருளில் இந்த இடைவெளி மிகச் சிறிது. ஆனால் பாதம் நீரை ஏற்காவிடினும் துணி ஏற்குமே! போதாக்குறைக்கு, நம் கை வியர்வையின் உப்பு துணியில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழைநாளில் அடுக்களை உப்பு ஜாடியைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் போர்ட் பிளேயரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் ஆண்டுக் கடைசிவரை ஓய்வதில்லை. குளிர்சாதன அறையில் இருந்து ஒருவர் எழுதிய பாராட்டுரை இங்கு எவ்வளவு செல்லும் என்பதை நீங்களே கருதிப்பாருங்கள்.

ஆகவே ‘வேகமான பேட் எது?’ என்று கேட்பதைவிட ‘பிப்ரவரியிலும் ஜூலையிலும் ஒரே மாதிரி நடக்கும் பேட் எது?’ என்று கேட்பதே நமக்கு ஏற்றது.

அதை அறிய ஒரு பலகையும் அளவுகோலும் போதும். பலகைமேல் பேடையும் அதன்மேல் மௌஸையும் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். மௌஸ் வழுக்கும் தறுவாயில், உயரத்தைக் கீழுள்ள கிடைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது நிலை உராய்வெண். 40 செ.மீ. நீளத்துக்கு 10 செ.மீ. உயர்ந்தால் 0.25. அடுத்து, பலகையை விரலால் தட்டி நகர்த்திவிட்டால் மௌஸ் ஒரே சீராய் இறங்கும் சாய்வைக் காணுங்கள். அது இயக்க உராய்வெண். இரண்டும் நெருங்கியிருந்தால் நல்ல பேட். பின்னர் பேடைக் கால்வட்டம் திருப்பி மறுபடியும் செய்யுங்கள். நெசவுத் தெருவில் வளர்ந்தவன் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்: பாவும் ஊடையும் ஒன்றுபோல் இராத துணியில் குறுக்கே ஓர் உராய்வு, நெடுக்கே வேறோர் உராய்வு இருக்கும். என் பேட் அப்படிப்பட்டதே. ஜூலையில் பலகையை முன்னிலும் உயர்த்த வேண்டியிருந்ததும் அதில்தான்.

கெட்டிப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆயின் அவை மௌஸின் பாதத்தை விரைவில் தேய்க்கும். வியர்த்த முன்கையும் அவற்றில் ஒட்டும். பழைய சட்டைக் கையொன்றை வெட்டி மாட்டிக்கொண்டால் ஒட்டுவது தீரும். சாதாரண மேசைக் கண்ணாடியை மட்டும் நம்பவேண்டாம். 1980களின் தொடக்கத்தில் வந்த ஒளி மௌஸ்களுள் ஒன்றுக்குக் கட்டம் போட்ட தனி உலோகத் தட்டே வேண்டியிருந்தது. 1999க்குப் பின் பரவியவை தமக்குக் கீழுள்ள பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுத்து ஒப்பிடுகின்றன. தெளிந்த கண்ணாடியில் ஒப்பிட ஒன்றும் அகப்படுவதில்லை. விளையாட்டுக்கென்றே விற்கும் கண்ணாடியில் நுண்ணிய சொரசொரப்பு இட்டிருப்பார்கள்.

அளவையும் வாங்குமுன் கணக்கிடலாம். கவுண்டர் ஸ்டிரைக்கில் உணர்திறன் 1 என வைத்தால், மௌஸ் அனுப்பும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 பாகை திரும்பும். முழுச் சுற்றுக்கு 16,364 எண்ணிக்கை வேண்டும். மௌஸ் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை தருவதானால் ஏறத்தாழ 52 செ.மீ.; பின்னால் திரும்பிப் பார்க்க மட்டும் 26 செ.மீ. மௌஸ் நடுவிலிருந்து இரு பக்கமும் அவ்வளவு செல்லவேண்டும் என்றால் நம் விடுதி மேசை போதாது. உணர்திறனை 2 ஆக்கினால் இத்தூரம் பாதியாகும். மேசையை அளந்து, விசைப்பலகைக்கு இடம் விட்டு, மிஞ்சியதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

துணிதான் வேண்டும் என்போர் மாதமொருமுறை தண்ணீரும் மென்சோப்பும் கொண்டு அலசி உப்பைப் போக்குங்கள். வெயிலில் போட்டால் அடியிலுள்ள ரப்பர் கெடும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் தொங்கட்டும். என் பழைய பேட் இப்போது ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் மேசைக்கு வருகிறது. மற்ற மாதங்களில் பிளாஸ்டிக்தான். வாங்குமுன் சோதிக்க விரும்புவோர் மழை நாளொன்றில் என் அறைக்கு வரலாம். பலகை இருக்கிறது, அளவுகோலை யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள், அதை மட்டும் கொண்டுவாருங்கள்.