குடும்ப நீதிமன்றங்களும் நடைமுறை வகுக்கும் அதிகாரமும்

சட்டம் உரிமையை வழங்கினால் மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெறும் வழியும் எளிதாக இருத்தல் வேண்டும். ஜீவனாம்சம் கோரி வரும் பெண்ணுக்கு மனு, பதிலுரை, சாட்சியம் என நீளும் வழக்குமுறையே பெருந்தடையாகிவிடுவதுண்டு. குடும்பத் தகராறுகளை ஏனைய உரிமையியல் வழக்குகளைப் போல நடத்தலாகாது என்று சட்ட ஆணையம் 1974-ஆம் ஆண்டில் தனது 59-ஆவது அறிக்கையில் வலியுறுத்தியது. இக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்தது 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமாகும்.

விதிகளை வகுப்போர் யார்?

இச்சட்டம் விதி வகுக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்துள்ளது. வேலை நேரம், விடுமுறை நாள் அமர்வு, வழக்கமான இடத்துக்கு வெளியே அமர்தல் ஆகியவை பற்றி உயர் நீதிமன்றம் விதி செய்யலாம் (21-ஆம் பிரிவு). நீதிபதிகளுக்குரிய கூடுதல் தகுதிகளை மத்திய அரசும் (22-ஆம் பிரிவு), ஊதியம், வல்லுநர் கட்டணம் போன்றவற்றை உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசும் (23-ஆம் பிரிவு) வரையறுக்கின்றன.

குடும்ப நீதிமன்றத்துக்கோ பொது விதிகளை இயற்றும் அதிகாரம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டமே அதன் வழக்குகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். எனினும், சமரசம் காணவும், ஒரு தரப்பு கூறி மறுதரப்பு மறுக்கும் செய்திகளில் உண்மையைக் கண்டறியவும் அது தனக்கென ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என 10-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு கூறுகிறது. சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதிவு செய்தல், ஒரு தரப்பினர் விரும்பினாலும் மூடிய அறையில் விசாரித்தல், மருத்துவர், சமூகநல வல்லுநர் ஆகியோரின் உதவியைப் பெறுதல் ஆகியவற்றுக்கும் சட்டம் இடமளிக்கிறது.

அதிகாரத்தின் எல்லை

நடைமுறை வகுக்கும் அதிகாரம் வேறு. விசாரணை வரம்பு வேறு. கணவனும் மனைவியும் பங்குதாரர்களாக உள்ள ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தம்பதியரின் சொத்து பற்றிய வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால், நிர்வாகத்தில் ஒடுக்குமுறை நிகழ்கிறது என்ற முறையீடு, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கே செல்லும். அத்தீர்ப்பாயத்துக்கும் இயற்கை நீதிக் கோட்பாடுகளுக்கு உட்பட்டுத் தன் நடைமுறையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அதிகாரம் உண்டு. எனினும், நடைமுறையை எளிதாக்குவதன் மூலம் ஒன்று மற்றதன் வரம்பைக் கைக்கொள்ள இயலாது.

கவனிக்கத்தக்கது

குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆயின், இரு தரப்பினரின் இசைவுடன் பிறப்பிக்கப்படும் தீர்ப்பாணையின் மீது மேல்முறையீடு கிடையாது. வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதும் இந்நீதிமன்றத்தில் கட்சிக்காரரின் தனி உரிமையன்று. ஆகவே, சமரசப் பத்திரத்தில் கையொப்பமிடும் பெண் அதன் பொருளை உணர்ந்து மனமார இசைகிறாளா என்பதை உறுதிசெய்வது நீதிபதியின் கடமையாகிறது. நடைமுறையில் தரப்பட்ட நெகிழ்வு வழக்கை விரைந்து முடிப்பதற்காக மட்டும் அன்று. எளியோரின் குரலும் முழுமையாகக் கேட்கப்படுவதற்காகவே ஆகும்.